சத்தமில்லாத தொழிலாளர் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறமொழிப் படம் ஒன்றைப் பார்க்கச் சொன்னால் நண்பர்கள் மறுப்பதில்லை. பார்த்துவிட்டுக் கேள்விகளோடு வருகிறார்கள். சண்டை இல்லை, பெரிய திருப்பம் இல்லை, பேச்சுகூட அதிகம் இல்லை. ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், வேலை தேடி அலையும் ஓர் ஆண், அவர்களின் வாடகை, சாப்பாடு, தூக்கம். இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். இத்தகைய படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தப் படங்களில் கதை என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. 1948இல் வெளிவந்த இத்தாலியப் படமான ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். போர் முடிந்த ரோம் நகரம். நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை. வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது. மகனை அழைத்துக்கொண்டு நகரம் முழுவதும் தேடுகிறான். அவ்வளவுதான்.

வசதி உள்ளவனுக்குச் சைக்கிள் தொலைந்தால் எரிச்சல் வரும், மறுநாள் வேறொன்று வாங்கிவிடுவான். இவனுக்குச் சைக்கிள் போனால் வேலை போகும்; வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கையில் பணம் குறையக் குறைய, சின்னப் பொருளின் கனம் கூடிக்கொண்டே போகிறது. இந்தப் படங்களின் கதை அந்தக் கனத்தில்தான் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால், ஒருவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏணியில் ஏறும் காட்சியைப் பார்க்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் 2014இல் எடுத்த ‘டூ டேஸ், ஒன் நைட்’ இன்னொரு சான்று. சோலார் தகடு செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் பதினாறு பேரிடம் வாக்கெடுக்கிறார்கள்: ஆளுக்கு 1,000 யூரோ போனஸ் வேண்டுமா, அல்லது சான்ட்ரா என்ற சக ஊழியரின் வேலை நிலைக்க வேண்டுமா? போனஸ் வென்றுவிடுகிறது. திங்கட்கிழமை மறு வாக்கெடுப்பு. அதற்குள், சனி, ஞாயிறு இரண்டு நாட்களில், சான்ட்ரா ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி, ‘போனஸை விட்டுக்கொடு’ என்று கேட்க வேண்டும். படம் முழுக்க அவள் கதவு தட்டுகிறாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அந்த 1,000 யூரோவுக்கு ஒரு கணக்கு காத்திருக்கிறது. துப்பாக்கி தூக்கும் படங்கள் பலவற்றில் நான் அனுபவிக்காத பதைபதைப்பை அந்தக் கதவுகள் எனக்குத் தந்தன.

எனக்கு அலுப்புத் தட்டுகிறது. என்மேல் தவறா?

இல்லை. நம் கண் வேறு வேகத்துக்குப் பழகியிருக்கிறது. பொதுவாக ஒரு காட்சி நமக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடும். இந்தப் படங்களில் செய்தி சொல்லி முடிந்த பிறகும் கேமரா அங்கேயே நிற்கிறது. கதவைச் சாத்திவிட்டுப் போனவள் போன பிறகு வெறும் கதவைக் காட்டுகிறது. முதல் இருபது நிமிடங்கள் கண் தத்தளிக்கும். அந்த இருபது நிமிடங்களைக் கொடுத்துவிடுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் தொடங்காதீர்கள். இவ்வளவுதான் முன்னேற்பாடு.

மெதுவாகப் போவது எதற்காக என்று கேட்பவர்களுக்கு ஓர் உருளைக்கிழங்கைத்தான் நான் காட்டுவேன். ஷாந்தால் ஆகர்மான் 1975இல் எடுத்த ‘ழான் தீல்மான்’ 201 நிமிடங்கள் ஓடும் படம். பிரஸ்ஸல்ஸ் நகரில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையைச் சீராக்குகிறாள், அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைக்கிறாள். பிழைப்புக்காகப் பகலில் வீட்டுக்கு ஆண்களையும் வரவழைக்கிறாள். அதையும் மற்ற வேலைகளைப் போலவே நேரம் தவறாமல் செய்து முடிக்கிறாள். முதல் நாள் முழுவதும் இந்த ஒழுங்கை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நமக்கே அவள் வீட்டு வேலைகளின் வரிசை மனப்பாடம் ஆகிவிடுகிறது. இரண்டாம் நாள், அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு அதிகமாக வெந்து குழைந்துவிடுகிறது. சட்டியைக் கையில் பிடித்தபடி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். வேறொரு படத்தில் யாரும் கவனிக்காத சங்கதி இது. இங்கே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவள் வாழ்க்கையில் ஏதோ இற்றுவிட்டது என்பதை யாரும் சொல்லாமலே உணர்கிறோம். முதல் நாளின் நிதானம் இல்லாவிட்டால் இரண்டாம் நாளின் உருளைக்கிழங்குக்கு வலிமையே கிடையாது.

2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலகெங்குமுள்ள விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களின் பட்டியலில் இது முதலிடம் பெற்றது. ஆனாலும் இதில் தொடங்காதீர்கள். பத்துப் படம் பார்த்த பிறகு வாருங்கள்.

அப்படியானால் எதைத்தான் கவனிக்க வேண்டும்?

கைகளை. பொருள்களை. பணம் கைமாறும் விதத்தை.

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்துக்கே திரும்புகிறேன். வேலை கிடைத்த நாளில் சைக்கிள் அடகுக் கடையில் இருக்கிறது. மீட்கப் பணம் இல்லை. மனைவி மரியா ஒன்றும் பேசாமல் கட்டிலில் கிடக்கும் விரிப்புகளை உருவி எடுக்கிறாள். அவற்றை அடகு வைத்துத்தான் சைக்கிள் திரும்பி வருகிறது. அடகுக் கடையின் சாளரத்துக்கு அப்பால் கணவன் எட்டிப் பார்க்கிறான். ஊழியர் ஒருவர் அவர்களுடைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கின்மேல் ஏறுகிறார். ஏறுகிறார், இன்னும் ஏறுகிறார். கூரையை எட்டும் அந்த அடுக்கு முழுவதும் மற்றவர்கள் அடகு வைத்த துணி மூட்டைகள். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நகரத்தின் பஞ்சம் நம் கண்முன் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஊழியர் ஏறுவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த மூட்டைகளைக் கட்டிய கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

பின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகியின் ‘ஃபாலன் லீவ்ஸ்’ 2023இல் வந்தது. ஹெல்சிங்கியில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் வேலை பார்க்கும் அன்சா, காலாவதியாகிக் குப்பைக்குப் போக வேண்டிய உணவுப் பொருளை எடுத்துக்கொண்டதற்காக வேலையை இழக்கிறாள். உலோகத் தொழிலாளியான ஹொலப்பா குடிக்கு அடிமை. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது. அன்சா அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறாள். அழைத்த பிறகு கடைக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கி வருகிறாள். இத்தனை காலமும் அவள் வீட்டில் இரண்டாவது தட்டுக்குத் தேவையே இருந்ததில்லை! அவளுடைய தனிமையைப் பற்றி இதைவிடத் துல்லியமாக எந்த வசனம் சொல்லிவிட முடியும்?

அதே படத்தில் அவள் எழுதிக் கொடுத்த தொலைபேசி எண்ணை அவன் தொலைத்துவிடுகிறான். அவள் பெயரும் தெரியாது. இருவரும் சேர்ந்து படம் பார்த்த திரையரங்கின் வாசலில் வந்து வந்து காத்திருக்கிறான். பின்னர் அவள் அங்கே வரும்போது தரையில் சிகரெட் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவளுக்குப் புரிகிறது. நமக்கும் புரிகிறது.

சப்டைட்டில் படிப்பதிலேயே கவனம் போய்விடுகிறதே?

அமைதியான படங்களில் இந்தச் சிக்கல் குறைவு என்பதுதான் உண்மை. பேச்சு குறைவு, ஆகவே எழுத்தும் குறைவு. பிறமொழிப் படங்களுக்குள் நுழைய விரும்புகிறவருக்கு அடுக்கு வசனம் பேசும் நகைச்சுவையைவிட இவையே எளிய வாசல். முதலில் எழுத்தைச் சட்டென்று படித்துவிட்டு முகத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று படங்களில் கண் தானாகவே பழகிவிடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சப்டைட்டில் என்பது பேசியதன் சுருக்கம். இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும், சில நொடிகளில் படித்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எனவே முனகல், இழுவை, திரும்பச் சொல்வது எல்லாம் வெட்டுப்படும். அவற்றைக் காதால்தான் பிடிக்க வேண்டும். மொழி தெரியாவிட்டாலும் ஒருவர் கெஞ்சுகிறாரா, சலித்துக்கொள்கிறாரா என்பது குரலில் தெரியும்.

நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில். அதில் தொலைந்துபோகும் ஒன்றைத் தமிழர் எளிதில் மீட்டுக்கொள்ள முடியும். தார்தென் சகோதரர்களின் படங்கள் பேசும் பிரெஞ்சு மொழியில் நம்மைப் போலவே ‘நீ’யும் ‘நீங்க’ளும் உண்டு: ‘தூ’, ‘வூ’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். ஒரு தொழிலாளி மேலாளரிடம் ‘வூ’ என்று பேசுகிறாளா, சக ஊழியனிடம் ‘தூ’ என்கிறாளா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். யார் மேல், யார் கீழ், யார் நெருக்கம் என்பது எழுத்தைப் படிக்காமலே விளங்கும். மரியாதையைச் சொல்லின் வாலில் வைத்திருக்கும் மொழியில் வளர்ந்த நமக்கு இது கைவந்த கலை.

கௌரிஸ்மாகியின் படங்களில் இன்னும் சுவையான ஒன்று நடக்கிறது. அவருடைய தொழிலாளர்கள் பேச்சுவழக்கில் பேசுவதில்லை, எழுத்து வழக்குப் பின்னிஷ் மொழியில் பேசுகிறார்கள். ஒரு லாரி ஓட்டுநர் தேநீர்க் கடையில் நின்றுகொண்டு ‘நான் உங்களை விரும்புகிறேன் என்று நினைக்கிறேன்’ என்று முழு வாக்கியமாகச் சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். முதலில் வினோதமாக இருக்கும். சற்று நேரத்தில் அந்தப் பேச்சு அவர்களுக்கு ஒரு கண்ணியத்தைத் தருவதை உணர்வீர்கள். பையில் காசில்லாதவர்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேய்த்து மடித்து வைத்த சட்டையைப் போல எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இரட்டை வழக்கு உள்ள மொழி நம்முடையது. இதன் அருமையை நம்மைவிட நன்றாக உணரக்கூடியவர்கள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

டப்பிங் செய்த பதிப்பைப் பார்க்கலாமா?

குரல் போனால் பாதிப் படம் போயிற்று. எர்மானோ ஓல்மியின் ‘தி ட்ரீ ஆஃப் வுடன் கிளாக்ஸ்’ 1978இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையைப் பெற்றது. அதில் நடித்தவர்கள் பெர்கமோ பகுதியின் உண்மையான விவசாயிகள், பேசியது அவர்களுடைய வட்டார மொழி. அந்தக் குரல்களில் இருக்கும் மண்ணை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து உண்டாக்க முடியாது. படிக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு பார்க்கும்போது மட்டும் டப்பிங்கைத் தேர்ந்தெடுங்கள். பார்க்காமல் விடுவதைவிட அது மேல்.

நடிகர்களின் முகத்தில் உணர்ச்சியே இல்லையே?

பகலெல்லாம் நின்று வேலை செய்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்புகிறவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அதில் துயரம் எழுதி ஒட்டியிருக்காது. களைப்பு இருக்கும், மறுநாளைப் பற்றிய கணக்கு இருக்கும். இந்தப் படங்களின் இயக்குநர்கள் அந்த முகத்தைத்தான் தேடுகிறார்கள். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ நாயகனாக அதன் இயக்குநர் விட்டோரியோ டி சிகா தேர்ந்தெடுத்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி. அவர் நடக்கும் நடையே போதுமானதாக இருந்தது.

தொழில்முறை நடிகரால் முடியாது என்று சொல்லவில்லை. ‘டூ டேஸ், ஒன் நைட்’ படத்தின் சான்ட்ராவாக நடித்த மரியோன் கோத்தியார் உலகப் புகழ்பெற்ற நட்சத்திரம். தோள்களைக் குறுக்கிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடக்கும்போது நட்சத்திரம் காணாமல் போய்விடுகிறது.

பின்னணி இசையும் இல்லையே?

இசை நமக்கு எப்போது அழ வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும். தார்தென் சகோதரர்கள் பெரும்பாலும் அந்த உதவியைத் தருவதில்லை. அவர்களின் படங்களில் மூச்சு கேட்கும், காலடி கேட்கும், கனரக வாகனங்கள் கடந்துபோகும் சாலை கேட்கும். 1999இல் தங்கப் பனை வென்ற ‘ரோசெட்டா’வில் நாயகி வேலை தேடி ஓடுகிறாள். வண்டிவீட்டு முகாமுக்குத் திரும்பும் வழியில், குழாய் ஒன்றுக்குள் ஒளித்து வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொள்வாள். நல்ல காலணி சேற்றில் கெடக்கூடாது. ஒவ்வொரு முறையும் அந்த ஒலி வரும். நாளடைவில் அதுவே படத்தின் இசையாகிவிடுகிறது.

கௌரிஸ்மாகி நேர்மாறு. பின்லாந்து மக்கள் டாங்கோ இசைமீது பெரும் பிரியம் கொண்டவர்கள். அவருடைய மனிதர்கள் வாய் திறக்காதபோது மதுக்கூடத்தில் யாரோ பாடும் பாட்டு அவர்களுக்காகப் பேசுகிறது.

ஏழ்மையை அழகாகக் காட்டி விற்பதுதானே இது?

இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். மஜ்ஜொரானி படம் முடிந்து ஆலைக்குத் திரும்பினார். பின்னர் ஆட்குறைப்பில் அந்த வேலையையும் இழந்தார். உலகம் கொண்டாடிய அந்த முகத்துக்குரியவர் அதன்பின் சிறிய வேடங்களுக்காக அலைய வேண்டியிருந்தது. அந்தப் படத்தை எவ்வளவு நேசித்தாலும் இது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2023இல் விம் வெண்டர்ஸ் ஜப்பானிய மொழியில் எடுத்த ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தைப் பற்றியும் இந்தக் கேள்வி எழுகிறது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிரயாமாவின் நாட்கள். ஹிரயாமாவாக நடித்த கோஜி யகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது; முழுக்கத் தகுதியான விருது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியைச் சிறிய கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைக்கிறார். அந்தக் கையின் அக்கறையை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் அந்தக் கழிப்பறைகள் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை. அவற்றைக் கட்டிய திட்டத்தை எடுத்துச்சொல்லும் முயற்சியிலிருந்துதான் படமே பிறந்தது. அங்கே அருவருப்பு இல்லை, நாற்றம் இல்லை, கூலி பற்றிய பேச்சும் அரிது. துப்புரவு வேலை எப்படிப்பட்டது, அதை யார் தலையில் கட்டுகிறோம் என்று அறிந்தவர்களுக்கு அந்தச் சுத்தம் நெருடும். படத்தை நேசித்துக்கொண்டே இதையும் சொல்லலாம்.

என்னிடம் ஓர் எளிய சோதனை இருக்கிறது. படம் அந்த மனிதரின் வேலையை அறிந்திருக்கிறதா? அந்த வேலையில் எது கடினம், எதில் திறமை வேண்டும், எவ்வளவு கூலி, யார் தருகிறார்கள் என்று எனக்குத் தெரிய வைத்ததா? வைத்தால் அது மனிதரைக் காட்டுகிறது. கண்ணீரை மட்டும் காட்டினால் நான் விலகிவிடுகிறேன்.

அந்த நாட்டின் வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பார்த்த பிறகு ஆர்வம் வந்தால் படியுங்கள். தார்தென் சகோதரர்களின் கதைகள் பெரும்பாலும் நடக்கும் செரேன், லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எஃகு நகரம். உருக்காலைகள் மூடிய பின் வேலையின்றி நின்ற ஊர். இது தெரியாமலே அந்தத் தெருக்களின் வெறுமை உங்களைத் தொட்டிருக்கும்.

முடிவு அந்தரத்தில் நின்றுவிடுகிறதே?

படம் எடுத்துக்கொண்ட கேள்வி முடிந்திருக்கும், வாழ்க்கை முடிந்திருக்காது. சான்ட்ராவின் வாக்கெடுப்புக்கு விடை கிடைக்கிறது. அந்த விடையைவிட முக்கியமான ஒன்று அதன்பின் அவள் முகத்தில் நடக்கிறது. அதை இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

எந்தப் படத்தில் தொடங்குவது?

‘ஃபாலன் லீவ்ஸ்’. 81 நிமிடங்கள்தான். காதல் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, ஒரு நாயும் இருக்கிறது. அடுத்து ‘டூ டேஸ், ஒன் நைட்’. பிறகு ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. அதன்பின் யசுஜிரோ ஓசு 1936இல் எடுத்த ‘தி ஒன்லி சன்’. பட்டு ஆலையில் வேலை பார்த்து மகனைப் படிக்க வைத்த தாய், பல ஆண்டுகள் கழித்து அவனைப் பார்க்க டோக்கியோ வருகிறாள். பெரிய ஆளாக ஆகியிருப்பான் என்று நம்பி வந்தவள், அவன் இரவுப் பள்ளி ஆசிரியராக வறுமையில் இருப்பதைக் காண்கிறாள். ஓசுவின் முதல் பேசும் படம் அது. தாயும் மகனும் வெட்டவெளியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துப் பேசும் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து, மறுபடியும் உழைப்பையே பார்க்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. உடம்பு ஓய்வு கேட்டால் ஓய்வெடுங்கள். ஆனால் உழைப்பவர்களுக்கு இந்தப் படங்கள் பிடிக்காது என்று மற்றவர்கள் முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை.

என் அத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒரு மாலை நான் கௌரிஸ்மாகியின் ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ படத்தை ஓடவிட்டிருந்தேன். 1990இல் வந்தது, எழுபது நிமிடங்களுக்கும் குறைவு. தொடக்கத்தில் பேச்சே கிடையாது. இயந்திரங்கள் ஒரு மரத்தடியைச் சீவி, நறுக்கி, தீக்குச்சியாக்கிப் பெட்டிக்குள் அடைக்கின்றன. பிறகுதான் அந்த வரிசையின் முனையில் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணைக் காட்டுகிறார்கள். அத்தை கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண் ஏன் பேசவே மாட்டேன் என்கிறாள் என்று நான் முணுமுணுத்தேன். ‘அந்தச் சத்தத்தில் என்ன பேசுவது?’ என்றார் அத்தை. ‘நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு வராது. காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும்.’

கொஞ்ச நேரம் கழித்து, அந்த மரம் குச்சியாகிற இடத்தை மறுபடியும் போடச் சொன்னார்.